செந்திலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள செந்திலுக்கு,

நானும் அம்மாவும் நலம். போன் அடித்தால் "ஸ்கூல்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். 18 நாள் ஆகிறது, அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் வயிற்றுக்குப் பட்டினி ஆகாது. கிணற்று மோட்டார் மறுபடி புகைந்துவிட்டது, சித்தப்பா பார்த்துக்கொள்கிறார்.

மருமகளிடம் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பையில் புகையிலைப் பாக்கெட் இருந்ததாம். ஸ்டேஷனுக்கு அனுப்பினால்தான் புத்தி வரும் என்று மற்றவர்கள் சொல்ல, நீ வாசலில் நின்று மறித்தாயாம். உனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்களாம். 32 வருஷம் காக்கி போட்டவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே உனக்கு.

சரி. சட்டம் உன் பக்கம்தான். 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தை எடுத்துப் பார். 18 வயது ஆகாத பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது. குழந்தைகள் நல அலுவலர் என்று ஸ்டேஷனில் ஒருவர் உண்டு, அவர்தான் பேச வேண்டும், அதுவும் மஃப்டியில். சின்னக் குற்றத்துக்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது, ஜி.டி. என்கிற ஸ்டேஷன் தினசரிப் பதிவேட்டில் எழுதி, இளைஞர் நீதி போர்டுக்கு அறிக்கை அனுப்புவதோடு சரி. வைத்திருந்த பையனை விடு, அதை அவன் கையில் கொடுத்தவன் யார்? 77ஆவது பிரிவில் அந்த ஆளுக்கு 7 வருஷம் வரை உண்டு, 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. மெமோவுக்குப் பதிலில் இதை எழுது. கோபமாக எழுதாதே. நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்.

போலீஸே பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு பழகிச் சொல்லித்தரும் சிற்பித் திட்டம் உன் பள்ளியில் உன் பொறுப்பில் என்று கேட்டபோது தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 2022 செப்டம்பரில் முதலமைச்சர் தொடங்கி வைத்தபோதே டிவியில் பார்த்தவன் நான். சென்னையில் 100 பள்ளி, பள்ளிக்கு 50 பிள்ளை, 4.25 கோடி ரூபாய். கேரளாக்காரர்கள் 2010லேயே மாணவர் போலீஸ் ஆரம்பித்துவிட்டார்கள், அது வேறு விஷயம். எஸ்.ஐ. செலக்‌ஷனுக்குப் போ என்று உன்னிடம் எத்தனை கெஞ்சினேன்! கேட்காமல் பி.எட். சேர்ந்தாய். கடைசியில் போலீஸே உன் வகுப்பைத் தேடி வந்துவிட்டது, பார்த்தாயா? நீ அனுப்பிய போட்டோவில் ஒரு பிள்ளை, இன்ஸ்பெக்டர் அம்மாவின் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நிற்கிறது. காது வரைக்கும் இறங்கியிருக்கிறது தொப்பி. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் காலத்தில் தொப்பி தெரிந்தாலே பிள்ளைகள் சந்துக்குள் ஓடிவிடும். தாய்மார் எங்களைக் காட்டித்தான் சோறு ஊட்டினார்கள்.

பாக்கெட் வைத்திருந்த அந்தப் பையனும் சிற்பிப் பிள்ளைதானாமே. இன்று தொப்பியைக் கொடுத்துவிட்டு நாளை கையைப் பிடித்து இழுத்துப்போனால் மிச்சம் 49 பேர் யாரை நம்புவார்கள்? இதையும் எழுது. கோபமாக வேண்டாம்.

நீ ஏன் மறித்தாய் என்று எனக்குத் தெரியும். நீ சொல்ல மாட்டாய்.

அன்று எனக்கு ஸ்டேஷனில் நைட் பாரா, ராக்காவல். நீ தூக்குவாளியில் சாப்பாடு கொண்டுவந்தாய். உள்ளே பாண்டி முட்டி போட்டிருந்தான். வாடகை சைக்கிள் காணோம் என்று கடைக்காரர் புகார். உங்கள் வகுப்புக்கே வந்து அவனைக் கூட்டிப்போனவன் நான். நீ அதே பெஞ்சில்தான் இருந்தாய். அவன் யூனிஃபார்ம் டவுசரும் காக்கி, என் பேண்ட்டும் காக்கி. நான் லத்தியை ஓங்கியபோது நீ கதவருகே நின்றிருந்தாய். தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய். ரசம் சிந்தியிருந்தது.

மூன்றாம் நாள் சைக்கிள் கிடைத்தது. கடைக்காரரின் மச்சினனே எடுத்துப்போயிருக்கிறான். பாண்டி அப்புறம் பள்ளிக்கு வரவில்லை. அவன் வீட்டுக்குப் போய் நான் கூப்பிடவும் இல்லை. மேலே இருந்து சொன்னார்கள், செய்தேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். கூட்டிவரத்தான் சொன்னார்கள். அடிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, செந்தில்.

அவன் இப்போது வாழைக்காய் மண்டியில் கணக்குப் பார்க்கிறான். நான் அந்தப் பக்கம் போனால் இன்றைக்கும் எழுந்து நிற்கிறான். உட்காரப்பா என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இப்போதெல்லாம் பெருமாள் கோயில் வழியாகச் சுற்றிப் போகிறேன்.

அம்மா பருப்புப்பொடி கொடுத்துவிட்டிருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடு. மெமோவுக்குப் பதில் எழுதியதும் கொடுப்பதற்கு முன் எனக்குப் படித்துக் காட்டு, நேரம் எதுவானாலும் பரவாயில்லை.

அந்தப் பையன் மறுநாள் பள்ளிக்கு வந்தானா? மருமகளிடம் கேட்க விட்டுப்போயிற்று.

அப்பா