எலுமிச்சை பிழிந்தும் திரியாத பால்

புளியங்குடி
ஞாயிறு சாயங்காலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ செய்த பாஸெட், அதுதான் அந்த இங்கிலீஷ் எலுமிச்சை க்ரீம் இனிப்பு, ஏன் உறையவில்லை என்று நேற்று போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் உன் அம்மா போனை வாங்கிவிட்டாள். உன் இருமலுக்கும் தலையில் எண்ணெய் வைக்காததற்கும் அரை மணி நேரம் போனது. பாஸெட் பேச்சு அந்தரத்தில் நின்றுவிட்டது. அதனால் பழைய மண்டிக் கணக்கு நோட்டில் தாள் கிழித்து எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஓரத்தில் தெரியும் மூட்டைக் கணக்கைப் பொருட்படுத்தாதே.

நீ சொன்னது இதுதானே: க்ரீமையும் சர்க்கரையும் காய்ச்சினாய், எலுமிச்சைச் சாறு விட்டாய், ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தாய், காலையில் பார்த்தால் மோர் மாதிரி தளும்புகிறது. நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் நிற்கிற டப்பாவில் சிங்கிள் க்ரீம் என்று போட்டிருக்கிறது. அங்கேதான் தப்பு. இதற்கு வேண்டியது டபுள் க்ரீம். பெயரைப் பார்த்தால் ஒன்றுக்கு இரண்டு என்று தோன்றும், ஆனால் கணக்கு அப்படி இல்லை. சிங்கிளில் கொழுப்பு 18 சதவீதம், டபுளில் 48. பாஸெட் உறைவது அந்த 48-ஐ நம்பித்தான்.

இதைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீ சிரிப்பாய். போன வருஷம் இங்கிலாந்தில், லீட்ஸில் உன்னோடு மூன்று மாதம் இருந்தேனே, நீ வேலைக்குப் போனபின் எனக்கு வேறு என்ன வேலை? பக்கத்து வீட்டுப் பாட்டிதான் துணை. அவர்கள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியாது, என் இங்கிலீஷ் அவர்களுக்கு முக்கால்வாசி புரியாது. ஒரு நாள் மதியம் வேலிக்கு மேலாக ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை நீட்டினார்கள். வெளிர் மஞ்சள் நிறம், கட்டித் தயிர் மாதிரி உறைந்திருந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். முதலில் எலுமிச்சை சுளீரென்றது, பின்னாலேயே வெண்ணெய் மாதிரி ஒன்று வந்து அதைச் சமாதானப்படுத்தியது. முட்டையா, ஜெலட்டினா, சோள மாவா என்று கேட்டேன். எதுவும் இல்லை. க்ரீம், சர்க்கரை, எலுமிச்சை, மூன்றே சாமான்.

31 வருஷம் எலுமிச்சை மண்டியில் கணக்கு எழுதியவன் நான். காலையில் மூட்டைகளைக் கொட்டித் தரம் பிரிப்பதையும், ஏலம் முடிந்து கேரளத்துக்கு லாரி கிளம்புவதையும் பார்த்துப் பார்த்து, எலுமிச்சை எனக்கு ஒரு எண் ஆகிவிட்டிருந்தது. வீட்டில் ஊறுகாய், சாதம், வெயிலுக்கு ஜூஸ், புது வண்டி எடுத்தால் டயருக்கு அடியில் நாலு பழம். பாலும் எலுமிச்சையும் ஒரே சட்டியில் சேரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். உன் ஆச்சி பால் காய்ச்சும் நேரத்தில் எலுமிச்சை நறுக்கிய கத்தியைக்கூட அடுப்பங்கரைப் பக்கம் விடமாட்டாள், ஞாபகம் இருக்கிறதா?

ஆச்சி சொன்னது தப்பில்லை. பாலில் புளிப்பு பட்டால் அதில் உள்ள கேசின் என்கிற புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி கட்டியாகத் திரளும், தெளிநீர் தனியே பிரியும். பன்னீர் செய்வதே அப்படித்தான். டபுள் க்ரீமில் அந்தப் புரதம் பாலில் இருப்பதைவிடக் குறைவு, கொழுப்போ கிட்டத்தட்டப் பாதி. தேர்த் திருவிழாவில் நம் குடும்பம் கூட்டத்துக்குள் தள்ளித் தள்ளி நின்றோமே, ஒருவரையொருவர் பார்க்க முடிகிறது, கையை எட்டிப் பிடிக்க முடிகிறது, ஆனால் நடுவில் இருக்கிற கூட்டத்தால் ஒரே இடத்தில் சேர முடியவில்லை. அதே கதைதான் இங்கேயும். புரதம் கொழுப்புத் துளிகளுக்கு நடுவே கைகோத்து வலை மாதிரி நிற்கும், பெரிய கட்டியாகாது, தண்ணீரும் உள்ளேயே தங்கிவிடும். உன் சிங்கிள் க்ரீமில் கூட்டம் போதவில்லை.

சரி, செய்முறைக்கு வருகிறேன். பாட்டி சொன்ன அளவு 600 மில்லி டபுள் க்ரீம், 150 கிராம் சர்க்கரை, 75 மில்லி சாறு. ஆறு சின்னக் கிண்ணம் வரும். பெரிய கிண்ணத்தில் ஊற்றாதே, இது நாலு கரண்டிக்கு மேல் திகட்டும். அந்த ஊர்ப் பழம் இரண்டு போதும். நம் பழம் என்றால் நாலைந்து வேண்டும். இன்னொன்றும் அங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். நம் புளியங்குடிப் பழத்தை லீட்ஸ் கடையில் வைத்தால் லைம் என்பார்கள். அவர்கள் லெமன் என்பது வேறு ஜாதி. தோல் தடிமன், முனையில் காம்பு மாதிரி ஒரு மொட்டு, புளிப்பு கொஞ்சம் சாது, ஆனால் தோலில் என்ன வாசனை! அந்த வாசனையை விட்டுவிடாதே. மஞ்சள் தோலை மட்டும் துருவி க்ரீமோடு சேர்த்துக் காய்ச்சு. வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். கடையில் பழம் பளபளவென்று இருப்பது மெழுகு பூசியதால். தோலுக்கென்று வாங்கினால் அன்வாக்ஸ்ட் என்று எழுதியதை எடு.

சட்டி பெரிதாக இருக்கட்டும். 600 மில்லிதானே என்று சின்னதில் வைத்தால் அடுப்பிலேயே தைப்பொங்கல் கொண்டாடிவிடும். எவர்சில்வர் நல்லது, அலுமினியம் வேண்டாம், புளிப்புக்கு ஆகாது. சர்க்கரை கரையும்வரை மெதுவாகக் கிண்டு. கொதி வந்தபின் கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம் கொதிக்க விடு. இந்த மூன்று நிமிஷத்தில்தான் கொஞ்சம் தண்ணீர் வற்றி க்ரீம் இறுகும். நீ ஒரு கொதியோடு இறக்கியிருப்பாய் என்று என் ஊகம், உனக்குப் பொறுமை உன் அம்மா வழி. இறக்கி ஐந்து நிமிஷம் ஆற விட்டு அப்புறம் சாறு ஊற்று. அடுப்பில் இருக்கும்போது ஊற்றாதே. ஊற்றிக் கிண்டியதுமே கரண்டியில் லேசாகக் கெட்டிப்படுவது தெரியும். தோலை வடிகட்டி, கிண்ணத்தில் விட்டு, ஃபிரிட்ஜில் நாலு மணி நேரம் வை. நடுவில் எடுத்து ஆட்டிப் பார்க்காதே.

இங்கே நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். நம் கடையில் கிடைக்கிற சின்ன டப்பா க்ரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். முதல் தடவை உன் கதைதான் எனக்கும். வீணாக்க மனமில்லாமல் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு ‘இங்கிலாந்து மோர்’ என்று ஊற்றிக் கொடுத்தேன், டம்ளரை நக்கிவிட்டுப் போனார்கள். அப்புறம் கேக் கடையில் விசாரித்தேன். அவர்கள் அடிக்கிற க்ரீம் தாவரக் கொழுப்பு, முன்பே இனிப்புப் போட்டது, அது சரிப்படாது. கடைசியில் திருநெல்வேலியில் ஒரு கடையில் 35 சதவீதப் பால் க்ரீம் கிடைத்தது. மூன்று நிமிஷத்துக்குப் பதில் ஐந்து நிமிஷம் காய்ச்சினேன். பாட்டியுடையது மாதிரி கெட்டியாக இல்லை, ஆனால் கரண்டியில் நின்றது.

லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இரண்டு கைப்பிடியும் ஒரு மூக்கும் வைத்த பீங்கான் ஜாடிகளைக் காட்டினாயே, அதுதான் பாஸெட் ஜாடி. அந்தக் காலத்தில் பாஸெட் என்பது குடிக்கிற சாமான். சூடான பாலில் ஒயினோ பியரோ ஊற்றித் திரிய விட்டு, மசாலா போட்டு, மேலே நிற்கிற நுரைப்பகுதியைக் கரண்டியால் தின்று, அடியில் இருக்கிற தெளிநீரை மூக்கு வழியாக உறிஞ்சியிருக்கிறார்கள். அந்த மூக்கைப் பார்த்ததும் எனக்கு உனக்குப் பால் புகட்டிய வெள்ளிப் பாலாடைதான் ஞாபகம் வந்தது. பாலாடை என்றால் காய்ச்சிய பாலின் மேல் படிகிற ஏடும்தானே! உன்னிடம் சொன்னேன், நீ போனைப் பார்த்துக்கொண்டு ‘ம்’ என்றாய்.

உன் அம்மா இதைத் தொடமாட்டேன் என்றுதான் சொன்னாள். பாலில் புளிப்பு ஊற்றியதைத் தின்றால் வயிற்றுக்கு ஆகாதாம். ராத்திரி ஆறு கிண்ணம் வைத்தேன், காலையில் நாலுதான் இருந்தது. கேட்டதற்கு, பூனை என்றாள். நம் பூனைக்கு ஃபிரிட்ஜ் திறக்கத் தெரிந்திருக்கிறது, கரண்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கவும் தெரிந்திருக்கிறது.

அடுத்த தடவை க்ரீம் வாங்கியதும் டப்பாவைப் படம் பிடித்து அனுப்பு, பெயர் தெரிகிற மாதிரி. பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொடு, நான் கொடுக்கச் சொன்னதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: இருமல் நிற்கும்வரை ஃபிரிட்ஜில் வைத்த எதையும் தின்னக்கூடாது என்று அம்மா எழுதச் சொல்கிறாள். அந்தக் கால இங்கிலாந்தில் சளிக்கே பாஸெட்தான் மருந்து என்றேன். ‘அது சூடாக’ என்கிறாள். சுக்குப் பொடி பார்சலில் வருகிறது.