பில்லில் ஒரு பெயர் வேண்டும்: நகர வணிகர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர வணிகர் சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கு,

வணக்கம். தேக்கு என்று சொல்லி எனக்கு உளுத்த கட்டிலை விற்ற மரச்சாமான் கடை விவகாரம் உங்களுக்குத் தெரியாததல்ல. சமரசம் பேச வந்த செயலாளர் கட்டில் காலைத் தட்டிப் பார்த்தபோது உளுத்த மாவு அவருடைய வெள்ளை வேட்டியிலேயே கொட்டியது. தேக்கு என்று விற்றது தேக்குதானா என்பதை நுகர்வோர் குறைதீர் ஆணையம் பார்த்துக்கொள்ளும். நான் எழுத வந்தது, வழக்கை யார் மீது போடுவது என்று தெரியாமல் நான் பட்ட பாட்டைப் பற்றி.

மகள் கல்யாணத்துக்குக் கட்டிலும் பீரோவும் வாங்க 86,000 ரூபாய் எண்ணி வைத்தேன். ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். மேலே பிள்ளையார் படம், கீழே சாமி பெயரில் கடைப் பெயர், மூன்று கைப்பேசி எண்கள், அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'. ஓரத்தில் பொடி எழுத்தில் 'எஸ்டிமேட்', அதாவது இது பில் அல்ல, வெறும் மதிப்பீடு. விற்றவர் யார் என்பதற்கு மட்டும் அதில் இடமில்லை.

அந்தக் கடைவீதியில் 28 ஆண்டுகள் தபால் கொடுத்தவன் நான். எந்தக் கடையில் எந்த நேரத்தில் கல்லாவில் ஆள் மாறும் என்பது வரை தெரியும். இந்தக் கடையில் இருப்பவரை எல்லாரும் 'முதலாளி' என்பார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். புகார் மனுவில் எதிர்தரப்பினர் என்ற இடத்தில் 'முதலாளி' என்று எழுத முடியுமா? கடைசியில் அவருடைய முழுப் பெயர் கிடைத்த இடம் மாரியம்மன் கோயில் இரும்பு பெஞ்சு. 'உபயம்' என்று போட்டு, தகப்பனார் பெயர், அவர் பெயர், கடைப் பெயர், பக்கத்தில் 'உரிமையாளர்' என்றே எழுதியிருந்தது. கோயிலுக்குள் பொய் எழுதமாட்டார்கள் என்று நம்பி அந்தப் பெயருக்கு நோட்டீஸ் அனுப்பினேன். வழக்கறிஞர் மூலம் பதில் வந்தது: அவர் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்ப்பவராம். உரிமையாளர் அவர் இல்லையாம்.

பிறகு அலைச்சல். கூட்டு வணிகமாக இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் உள்ள பதிவேட்டைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் அதற்கு வழி செய்கிறது. ஆனால் பதிவு செய்வது கட்டாயமில்லை. கம்பெனியாக இருந்தால் பெயரையும் பதிவு அலுவலக முகவரியையும் வாசலிலும் பில்லிலும் போட்டே ஆகவேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. தனி ஆள் நடத்தும் கடைக்கு அப்படி ஒரு பதிவேடே கிடையாது. எந்த மேசைக்குப் போனாலும் முதல் கேள்வி, "கடை யார் பெயரில் இருக்கிறது?" அதைத் தெரிந்துகொள்ளத்தானே ஐயா வந்தேன்!

கண்டுபிடித்தது என் மருமகன். கடைக்குள் போய், காலண்டருக்குப் பின்னால் மாட்டியிருந்த ஜிஎஸ்டி சான்றிதழை எட்டிப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வந்தார். சான்றிதழை எல்லாரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும், எண்ணை வாசல் பலகையில் எழுத வேண்டும் என்று ஜிஎஸ்டி விதி 18 சொல்கிறது. காலண்டரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லைதான். அந்த 15 இலக்கத்தில் முதல் இரண்டு நம் மாநிலத்தின் 33. ஆறாவது எழுத்து 'பி' என்றால் தனி நபர், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. இங்கே இருந்தது 'பி'. எண்ணை இணையதளத்தில் போட்டதும் சட்டப்பூர்வப் பெயர் வந்தது. கல்லாவில் இருப்பவரின் தாயார்.

அந்த அம்மாளுக்கு எத்தனையோ முறை முதியோர் பென்ஷன் மணியார்டர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். கைநாட்டு வைத்து வாங்கிக்கொண்டு, மோர் கொடுக்காமல் அனுப்பமாட்டார். ஆணையத்தின் நோட்டீஸ் போன மறுநாள் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார். "வைக்கச் சொன்னான், வைத்தேன். நான் என்ன சாமான் விற்றேன் தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை. புகார் கொடுத்தபோது, அதற்கான இரண்டு ஆண்டுக் கெடு முடிய 19 நாள்தான் இருந்தது. வேறு வழி தெரியாமல் அவர் பெயரைத்தான் எழுதியிருந்தேன்.

கடைப் பெயரிலேயே வழக்குப் போட்டிருக்கலாமே என்கிறார் ஒரு வழக்கறிஞர் நண்பர். சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 30, விதி 10 அதற்கு இடம் தருகிறதாம். தரட்டும். ஆனால் தனி வணிகக் கடை என்பது உரிமையாளர் வைத்துக்கொண்ட தொழிற்பெயர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1998லேயே சொல்லிவிட்டது. தீர்ப்பு வாங்கினாலும் பணத்தைப் பிள்ளையார் படத்திடமா வசூலிப்பது?

ஆகவே கேட்கிறேன்: உங்கள் உறுப்பினர் கடைகள் ஒவ்வொன்றும் பில்லில் உரிமையாளரின் பெயரை அச்சிடட்டும். தனி வணிகமா, கூட்டு நிறுவனமா, கம்பெனியா என்று பக்கத்தில் ஒரு சொல். அவ்வளவுதான்.

பெயர் போடுவதில் உங்களுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லையே! கடையடைப்பு என்றால் சுவரொட்டியில் நாற்பது பேர், படத்தோடு, பட்டத்தோடு. கோயில் குழல் விளக்கில் உபயதாரர் பெயர் போக மிச்ச இடத்தில்தான் வெளிச்சம் வருகிறது. பண்டிகைக் காலத்தில் ஆன்லைன் வணிகம் சிறு கடைகளை அழிக்கிறது என்று ஊர்வலம் போனீர்கள். நானும் உங்கள் பக்கம்தான் நின்றேன். ஆனால் 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி அந்த ஆன்லைன் நிறுவனங்கள் தங்கள் சட்டப்பூர்வப் பெயரையும் முகவரியையும் வெளியிட வேண்டியிருக்கிறது. எதிரே நின்று முகம் பார்த்து விற்கும் நம் ஊர்க் கடைக்காரர் 'எஸ்டிமேட்' கொடுக்கிறார்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். நேர்மையாகப் பில் போடும் கடைகள் இந்த வீதியில் பல உண்டு, அவர்களிடமே இன்றும் வாங்குகிறேன். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: பில்லில் உரிமையாளர் பெயர். அச்சுச் செலவு அதிகம் என்று யாராவது சொன்னால், அந்த மூன்று கைப்பேசி எண்களில் ஒன்றை எடுத்துவிடலாம்.

இந்த மடலின் படி ஒன்றைச் சங்க அலுவலகத்துக்குத் தபாலிலும் அனுப்பியிருக்கிறேன். அனுப்புநர் பெயரும் முழு முகவரியும் உறையின் மேலேயே இருக்கின்றன.