ஒரு சொட்டுத் தண்ணீர்

பெஸ்தாரி ஜெயா,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள எண்ணெய்க் கையனுக்கு,

நீ அனுப்பிய தீபாவளி வாழ்த்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. குற்றம் என்னுடையதுதான், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். சின்னவனுக்கு ஷா ஆலமில் வேலை கிடைத்துவிட்டது. உறையின் மேல் நீ இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே எழுதுகிறாய். 2007ஆம் ஆண்டிலேயே பெயரை மாற்றிவிட்டார்கள் என்பதை உனக்கு எத்தனை முறை சொல்வது?

இப்போது எழுதுவதற்குக் காரணம் லோரி. மூன்று வாரங்களுக்கு முன்பு, விடியற்காலையில் லோரிக்கு அடியில் ஐம்பது காசு அகலத்திற்கு ஓர் ஈரத்தைப் பார்த்தேன். ஏர்கான் தண்ணீராக இருக்கும் என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்தேன். "ஏர்கான் இரண்டு வருடமாக ஓடவில்லையே, தண்ணீர் மட்டும் எங்கிருந்து வரும்?" என்று கேட்டுவிட்டு உன் தங்கச்சி உள்ளே போய்விட்டாள். குனிந்து தொட்டுப் பார்த்தேன். விரலில் பச்சை ஒட்டியது: இன்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட்.

விசித்திரம் என்னவென்றால், இன்ஜின் சூடான பிறகு ஒரு சொட்டும் விழவில்லை. இரவெல்லாம் மழை பெய்து குளிர்ந்த காலைகளில் மட்டும் கசிந்தது. ரேடியேட்டரின் மேல் ஹோஸ் இன்ஜினோடு சேரும் இடத்தில், செப்புப் பாத்திரத்தில் பூக்கும் களிம்பைப் போலப் பச்சையும் வெள்ளையுமாகப் படிந்திருந்தது. ரப்பரும் இரும்பும் ஒரே அளவில் சுருங்குவதில்லை அல்லவா. குளிரும்போது கிளிப்பின் பிடி தளர்ந்து கசியும், சூடேறினால் ரப்பர் விரிந்து தானே அடைத்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொண்டதோடு நிறுத்தியிருந்தால் நான் அறிவாளி. ஆனால் திருப்புளியை எடுத்து, கிளிப்பை என் பலம் முழுவதையும் கொடுத்து முறுக்கினேன். "கோழிக் கழுத்தா அது?" என்று நீ பட்டறையில் கத்துவது காதில் கேட்டது, கேட்டும் முறுக்கினேன். கிளிப்பின் விளிம்பு ரப்பரை வெட்டிவிட்டது. அன்று முதல் சூட்டிலும் கசியத் தொடங்கியது. ஹோஸ் வாங்கப் போக நேரமில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, இரண்டு நாளைக்கு ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டினேன்.

போன செவ்வாய்க்கிழமை அதற்குக் கூலி கிடைத்தது. செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு ஆலை வாசலில் வரிசையில் நின்றிருந்தேன். வெட்டிய குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் புளிப்பு ஏறும் என்று தோட்டத்தில் உயிரை வாங்குவார்கள். அதனால் வரிசையை விட்டு விலக எனக்கு மனம் வரவில்லை. சூட்டு மீட்டரைப் பார்த்தேன். முள் பாதிக்கும் கீழே சாந்தமாக இருந்தது. ஆனால் சர்க்கரைப் பாகு காய்ச்சுவதைப் போல ஒரு வாசனை வந்தது. இன்ஜினை அணைத்தேன். பிறகுதான் புரிந்தது: மீட்டருக்குச் செய்தி சொல்லும் சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மையான சூட்டைக் காட்டும், தண்ணீர் இறங்கி அது காற்றில் நின்றுவிட்டால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் கீழேயே கிடக்கும். நாற்பது வருடமாக அந்த முள்ளை நம்பித்தானே நாம் ஓட்டினோம்! வாசனை வராமல் இருந்திருந்தால் ஹெட் வளைந்து, கேஸ்கட் போய், இந்தக் கடிதத்தில் உன்னிடம் கடன் கேட்டிருப்பேன்.

ஈரத்துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியின் மேல் கையை வைத்தும்விட்டேன். அப்போது உன் இடது முழங்கையின் தழும்பு கண்முன் வந்தது. கையை எடுத்துவிட்டேன். அந்த மூடி சுமார் 1 பார் அழுத்தத்தை உள்ளே அடக்கி வைத்திருப்பதால்தான் கூலண்டும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்த கலவை 125 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. திறந்த கணமே அவ்வளவும் பொங்கி முகத்தில் அடிக்கும். அந்த விபத்தைப் பற்றி நாம் இருவரும் இதுவரை ஒழுங்காகப் பேசியதே இல்லை. அன்று "திற, பரவாயில்லை" என்று சொன்னவன் நான்தான். அதை எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலை, குளிர்ந்த பிறகு வேலையைத் தொடங்கினேன். ஹோஸ் மட்டத்திற்குக் கீழே வரும்வரை கூலண்டை ஒரு பேசினில் வடித்தேன். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், நக்கினால் சாகும் என்பதால் பேசினைப் பலகை போட்டு மூடி வைத்தேன். கெட்டுப்போன நுனியை ஓர் அங்குலம் வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஹோஸை அமுக்கிப் பார்த்தபோது வெளியே நன்றாக இருந்த ரப்பர் உள்ளே நீளவாக்கில் வெடித்திருந்தது. புது ஹோஸ் ஒன்றும், ஸ்பிரிங் போல எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும் கிளிப் இரண்டும் வாங்கினேன்; 46 வெள்ளி. கடைப் பையன் கசிவை அடைக்கும் தூள் ஒன்றை நீட்டினான். அந்தத் தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

குழாய்க் கழுத்தில் இருந்த களிம்பை மெல்லிய மணல்தாளால் தேய்த்து எடுத்தேன். எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும் என்பதால், கூலண்டையே கொஞ்சம் தடவி ஹோஸைக் கழுத்தில் புடைத்திருக்கும் வளையத்தைத் தாண்டி ஏற்றி, கிளிப்பை வளையத்திற்குப் பின்னால் உட்கார வைத்தேன். மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஓடவிட்டு மெதுவாக நிரப்பினேன். 80 டிகிரியைத் தாண்டி, ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சுட்டது, 'குளுக்' என்று காற்று வெளியேறி மட்டம் இறங்கியது, மறுபடி நிரப்பினேன். நான்கு காலைகளாக லோரிக்கு அடியில் அட்டையை விரித்துப் பார்க்கிறேன். அட்டை காய்ந்தே இருக்கிறது.

என் கவலை இப்போது வேறு. என் இன்ஜினில், பிஸ்டன் ஏறி இறங்கும் குழலான ஸ்லீவுக்கு வெளியே நேராகவே தண்ணீர் ஓடுகிறது என்று நீதான் சொன்னாய். டீசல் வெடிக்கும் ஒவ்வொரு அடிக்கும் ஸ்லீவ் அதிர்ந்து, அதன் புறச்சுவரில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, இரும்பையே புள்ளி புள்ளியாக அரித்துவிடும் என்றும், அதைத் தடுக்கும் மருந்து கூலண்டில்தான் இருக்கிறது என்றும் விளக்கினாய். அந்த மருந்தை நான் மூன்று வாரமாகக் குழாய்த் தண்ணீரால் நீர்த்துப்போகச் செய்திருக்கிறேன். முழுவதையும் வடித்துக் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் கலந்த புதுக் கூலண்டை ஊற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் பிளாக்கில் இருக்கும் வடிகால் திருகைக் கடைசியாக முறுக்கியவன் நீ. நானும் சின்னவனும் தொங்கிப் பார்த்தோம், அது அசையவில்லை. கோழிக் கழுத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடத்திய ஐயா, பள்ளி விடுமுறைக்குப் பேரனை அழைத்துக்கொண்டு வா. அந்த நீளமான ஸ்பேனரையும் மறக்காமல் எடுத்து வா.

உன்,
ஆமை