யாருக்குக் கல்யாணம் என்று கேட்டாயே

பாளையங்கோட்டை,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கணேசனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சென்ற செவ்வாய் இரவு நீ போனில் அழைத்து, "என்னப்பா, யாருக்குக் கல்யாணம்? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பத்திரிகை வரைக்கும் வந்துவிட்டாயே" என்று சண்டைக்கு வந்தபோது, பதிலே சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். கோபம் இருந்தால் இந்தக் கடிதத்தோடு அதை விட்டுவிடு. அந்த ஒரு கேள்விதான் என் கணக்கில் மிச்சமிருந்த பணத்தைக் காப்பாற்றியது.

அன்று மாலை ஐந்தரை மணிக்குத் தூத்துக்குடிச் சித்தப்பா மகனின் எண்ணிலிருந்து வாட்ஸ்ஆப்பில் ஒரு கோப்பு வந்தது. 'திருமண அழைப்பிதழ்' என்று பெயர். கீழே 'குடும்பத்துடன் அவசியம் வரவும்' என்று ஒரு வரி. ஆவணி மாதம், வீட்டில் ஏற்கெனவே நான்கு பத்திரிகைகள் மஞ்சள் தடவிய மூலைகளோடு மேசையில் கிடக்கின்றன, அவனுக்கும் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். தொட்டேன். தெரியாத இடத்திலிருந்து வரும் செயலியை நிறுவுவது ஆபத்து என்று போன் எச்சரித்தது, அனுமதித்தேன். குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா என்று கேட்டது, அதற்கும் சம்மதித்தேன். திரை ஒரு கணம் வெள்ளையாக நின்றுவிட்டுத் தானே மூடிக்கொண்டது. நெட் சரியில்லை போலும் என்று எண்ணி, போனை உள்ளறையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கோப்பின் பெயர் ஏ.பி.கே. என்று முடிந்திருந்ததைப் பிறகு மகள்தான் காட்டினாள். அழைப்பிதழ் என்றால் படமாக இருக்கும், வீடியோவாக இருக்கும், பி.டி.எஃப். ஆக இருக்கும், அதைப் பார்க்க எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஏ.பி.கே. என்பதோ ஆண்ட்ராய்டு போனில் நிறுவப்படும் செயலி. உள்ளே நுழைந்ததும் அது தன் சின்னத்தை மறைத்துக்கொண்டு, எனக்கு வரும் குறுஞ்செய்தி ஒவ்வொன்றையும் எங்கோ இருக்கும் ஒருவனுக்கு நகலெடுத்து அனுப்பத் தொடங்கிவிட்டது. பழைய குறுஞ்செய்திகளையும் படித்திருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன், மருத்துவமனையிலிருந்தபடி மகளுக்கு நானே அனுப்பிய வங்கிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதிலேயே கிடந்தன. நானும் அவற்றை அழிக்கவில்லை, கடவுச்சொல்லையும் மாற்றவில்லை. வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஓ.டி.பி.யும் அவன் கைக்கே போகிறது என்றால் வேறென்ன வேண்டும்? அதே வழியில் என் வாட்ஸ்ஆப் கணக்கையும் வேறொரு போனில் திறந்து, அதே அழைப்பிதழை என் பெயரில் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறான். உனக்கு வந்தது அதுதான்.

நீ கேட்டதும் போனைப் பார்த்தால், 40,000 ரூபாய் ஒரு முறை, 45,000 ரூபாய் ஒரு முறை எனப் பணம் போயிருந்தது. போனை ஏரோபிளேன் மோடில் வைத்துவிட்டு, மீனாட்சியின் போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொன்னேன். அடுத்த அழைப்பு 1930, இணையப் பண மோசடியைப் புகார் செய்யும் அரசு உதவி எண். இந்த எண்ணை நீ இப்போதே எழுதி வைத்துக்கொள். திருடப்பட்ட பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என்று தாவிக்கொண்டே இருக்கும், அது ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வருவதற்கு முன் பிடித்தால்தான் உண்டு. முதல் தொகை போய்விட்டது. இரண்டாவது தொகை, போகும் வழியில் ஒரு கணக்கில் முடக்கப்பட்டிருக்கிறது. திரும்பக் கிடைக்க நாளாகும் என்கிறார்கள். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன்: வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், புகார் சொல்லும் வரையிலான இழப்பு அவருடையது, புகார் சொன்ன பிறகு போவதற்கு வங்கி பொறுப்பு என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை சொன்னது. வெட்கப்பட்டு விடியும் வரை காத்திருக்கிறவர்கள் அந்த இரவுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறார்கள்.

உனக்கு 2000 மே மாதம் நினைவிருக்கிறதா? நம் அலுவலகத்தில் மின்னஞ்சல் வரும் கணினி ஒன்றே ஒன்று. அதில் ராமநாதன் சார் 'ஐ லவ் யூ' என்று தலைப்பிட்டு வந்த கடிதத்தைத் திறந்தாரே, அந்த நாளைச் சொல்கிறேன். அதோடு இணைந்து வந்த கோப்பின் பெயர் டி.எக்ஸ்.டி. என்று முடிவதுபோல் தெரிந்தது. அதற்குப் பின்னால் இருந்த வி.பி.எஸ். என்ற மூன்று எழுத்தை விண்டோஸ் மறைத்து வைத்திருந்தது. சாதாரண எழுத்துக் கோப்பு என்று திறந்தார். அது ஒரு நிரல். முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னை அனுப்பிக்கொண்டு, நாம் மாதக்கணக்கில் ஸ்கேன் செய்து வைத்திருந்த படங்களின் மேல் தன்னையே எழுதிவிட்டுப் போனது. மணிலாவில் ஒரு மாணவர், இணையத்தைக் காசில்லாமல் பயன்படுத்தப் பிறருடைய கடவுச்சொற்களைத் திருடுவதற்காக எழுதியது அது. அதைத் தண்டிக்க அன்று பிலிப்பைன்ஸில் சட்டமே இல்லை. அன்று காதல் கடிதம், இன்று கல்யாணப் பத்திரிகை. தெரிந்தவர் பெயரில் வருவது, பார்க்க ஆசைப்படும் பொருளாக வருவது, கடைசி மூன்று எழுத்தில் உண்மையை வைத்திருப்பது, திறந்தவரின் பெயரிலேயே அடுத்தவர் வீட்டுக்குப் போவது: இந்த நான்கில் எதுவும் மாறவில்லை. அன்று நாம் இருவரும் மதிய உணவு வேளையில் அவரை வைத்துச் சிரித்தோம். அவர் ஒரு வாரம் தனியாகச் சாப்பிட்டார். இந்த ஐந்து நாள்களாக அது என்னை உறுத்துகிறது.

இப்போது என் போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கியாகிவிட்டது. வங்கிக்கும் மின்னஞ்சலுக்கும் வேறு வேறு நீளமான கடவுச்சொற்கள். ஒன்று போனால் மற்றொன்று தப்பும். வாட்ஸ்ஆப்பில் இருபடிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. அதில் நாமே ஆறு இலக்க எண்ணொன்றை வைத்துவிட்டால், குறுஞ்செய்தியில் வரும் எண் மட்டும் கிடைத்தவனால் கணக்கைத் திறக்க முடியாது. நான் அதை முன்பே வைத்திருந்தால் உனக்கு அந்தப் பத்திரிகை வந்திருக்காது. நீ இன்று இரவே வை.

உன் கணினியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அப்டேட் செய்யச் சொல்லும்போதெல்லாம் 'பிறகு' என்பதை அழுத்துகிறவன் நீ. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற தீய நிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்துவிட்டது. இரண்டு மாதம் 'பிறகு' என்றிருந்தவர்களில் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளும் இருந்தன. அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்து நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். நீ எழுதி வைத்திருக்கும் ஊர் வரலாற்றுக்கு நகல் இருக்கிறது என்பாய்; அந்த நகல் இருக்கும் ஹார்டு டிஸ்க் எந்நேரமும் கணினியிலேயே செருகியிருந்தால், பூட்டுகிறவன் இரண்டையும் சேர்த்தே பூட்டுவான். நகல் எடுத்ததும் கழற்றிப் பீரோவில் வைத்துவிடு.

என் போனில் 214 எண்கள் இருந்தன. புதனும் வியாழனும் உட்கார்ந்து ஒவ்வொருவராக அழைத்தேன். பதினொரு பேர் திறந்திருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் நிறுவியும் விட்டார்கள். கண்ணம்மா அக்கா, "உன் பையனுக்குத்தானேன்னு ஆசையா திறந்தேன் தம்பி" என்றபோது எனக்குப் பேச்சே வரவில்லை. நல்ல வேளையாக அக்காவின் கணக்கில் பணம் போகுமுன் மருமகன் போனை அணைத்துவிட்டார்.

ராமநாதன் சார் மட்டும் எடுக்கவில்லை. நேற்றுவரை ஒன்பது முறை அழைத்துவிட்டேன். மணி அடிக்கிறது, நின்றுவிடுகிறது. மீனாட்சியின் எண் அவருக்குப் பழக்கமில்லை. தெரியாத எண்ணை அவர் எடுப்பதில்லை. என் எண்ணை அவர் எடுக்காததற்கு, அந்தக் கோப்பைத் திறந்து ஏதாவது இழந்திருப்பதுதான் காரணமோ என்று பயமாக இருக்கிறது. ஓய்வூதியம் முழுவதும் அந்த ஒரே கணக்கில்தான் வருகிறது. ஸ்ரீரங்கத்தில் அவர் வீடு உனக்குப் பேருந்தில் அரை மணி நேரம். நாளைக் காலை போய்விட்டு வா. பத்திரிகை கொடுக்கவா வந்தாய் என்று கேட்டால், இல்லை என்று சொல்லிவிட்டு முதலில் அவர் போனை வாங்கி ஏரோபிளேன் மோடில் வை. பிறகு வங்கிக்கு அவரோடு நீயும் போ. என்ன நடந்திருந்தாலும் அவர் எதிரில் சிரித்துவிடாதே.

உன்,
சேது