நெல்லை வட்டாரக் கல்லூரிகளின் கணினித் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும் லேப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

இறுதியாண்டில் வெப் அப்ளிகேஷன் செய்யும் ஒவ்வொரு குழுவும் வரும் பருவத்திலிருந்து சோர்ஸ் கோடோடு ஒரு கம்போஸ் கோப்பையும் (பிராஜெக்ட் ஓட எந்தெந்த மென்பொருள், எந்தப் பதிப்பு வேண்டும் என்று டாக்கர் என்ற கருவிக்குச் சொல்லும் கோப்பு) சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்று விதி வையுங்கள். வைவா அன்று மாணவரின் சொந்த லேப்டாப்பை நம்பாமல், லேபில் இருக்கிற ஏதாவது ஒரு கணினியில் அந்தக் கோப்பை வைத்தே பிராஜெக்ட் ஓட வேண்டும். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் பாளையங்கோட்டைக்காரன். மென்பொருள் எழுதுவது தொழில். பிராஜெக்ட் பார்க்க ஒரு கல்லூரிக்குப் போயிருந்தபோது, சேரன்மகாதேவியிலிருந்து வந்த ஒரு பிள்ளை களக்காட்டு வாழை வியாபாரிகளுக்கு வரவு செலவு பார்க்கும் அப்ளிகேஷன் செய்திருந்தது. நல்ல வேலை. ஆனால் லேப் கணினியில் டேட்டாபேஸை இம்போர்ட் செய்ததும் ‘அன்நோன் கொலேஷன்’ என்று நின்றுவிட்டது. “வீட்டுல ஓடுச்சு சார்” என்று சொல்லும்போதே அதற்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் இருந்தது மைஎஸ்க்யூஎல் 8 என்ற டேட்டாபேஸ் மென்பொருள். லேபில் இருந்தது சாம்ப், அதாவது வெப் சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் ஒன்றாக வரும் தொகுப்பு. சாம்புக்குள் இருப்பது மைஎஸ்க்யூஎல் அல்ல, அதிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபி. 2018இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0, எழுத்துகளை வரிசைப்படுத்தும் முறையில், அதாவது கொலேஷனில், புதிய ஒன்றை இயல்பாக வைத்துக்கொண்டது. லேபில் இருந்த மரியாடிபிக்கு அந்தப் பெயரே தெரியாது. அந்தப் பிள்ளை எழுதிய ஒரு வரியிலும் தப்பில்லை. மார்க் மட்டும் குறைந்தது. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

இந்த வகைத் தொல்லைக்குத்தான் கன்டெய்னர்: அப்ளிகேஷனையும் அது ஓடத் தேவையானதையும் ஒரே பெட்டியாகக் கட்டித் தனியே ஓட்டும் முறை. அதற்கான கருவியான டாக்கர் வெளிவந்தது 2013இல். அதற்கு அடிப்படையான நேம்ஸ்பேஸ் (ஒன்றை மற்றொன்று பார்க்காமல் பிரிப்பது), சிகுரூப் (ராம், சிபியூவுக்கு வரம்பு கட்டுவது) இரண்டும் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் ஏற்கெனவே இருந்தவை. ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் தனி இயங்குதளத்தை ஏற்றாமல் ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்வதால், விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு முழுக் கணினி) ஏற்றினால் திணறும் பழைய லேப் கணினிகூட இதைத் தாங்கும். கம்போஸ் கோப்பில் பிஹெச்பி இந்தப் பதிப்பு, டேட்டாபேஸ் அந்தப் பதிப்பு என்று எண்ணோடு எழுதிவிட்டால் வீடு, லேப், சர்வர் மூன்றிலும் அதே பதிப்புதான் ஓடும். ‘லேட்டஸ்ட்’ என்று எழுத மட்டும் விடாதீர்கள். இன்றைய லேட்டஸ்ட் அடுத்த ஆண்டு வேறொன்றாகிவிடும்.

இதில் பாடமும் இருக்கிறது. முதல் நாளே பிள்ளைகள் முட்டிக்கொள்வது ‘லோக்கல்ஹோஸ்ட்’டில்தான். கன்டெய்னருக்குள் இருந்து பார்த்தால் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தக் கன்டெய்னரே. டேட்டாபேஸ் பக்கத்துக் கன்டெய்னரில் இருக்கிறது, கம்போஸ் கோப்பில் அதற்கு வைத்த பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அடுத்தது, டேட்டாபேஸ் கன்டெய்னர் எழுந்துவிட்டது என்பதற்காக அது இணைப்பை ஏற்கத் தயார் என்று ஆகாது. அது தயாரா என்று சோதிக்கும் ஹெல்த்செக் எழுதி, அது தேறிய பிறகே அப்ளிகேஷன் கிளம்பும்படி வைக்க வேண்டும். தரவைக் கன்டெய்னருக்கு வெளியே வைக்கும் வால்யூம் வைக்காமல் கன்டெய்னரை அழித்தால் உள்ளே சேர்த்த தரவும் போய்விடும். நெட்வொர்க்கிங், ஸ்டோரேஜ் என்று கரும்பலகையில் நடத்துகிற பாடமெல்லாம் இங்கே கையில் வந்து நிற்கிறது.

உங்கள் சிரமமும் தெரியும். விண்டோஸ் என்றால் பயாஸில் விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்ய வேண்டும், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 வேண்டும், ராம் குறைவாக இருந்தால் நகராது. என் கருத்து, ஒரே ஒரு லேபையாவது உபுண்டுவுக்கு மாற்றி டாக்கர் எஞ்சினை நேரடியாகப் போட்டுவிடுங்கள்; அது ஓப்பன் சோர்ஸ், லைசன்ஸ் செலவு கிடையாது. நெட் மெதுவாக இருக்கிறது என்பதும் உண்மை. போதாததற்கு, கன்டெய்னரை உருவாக்கும் அச்சான இமேஜை லாகின் செய்யாமல் இறக்கினால், இமேஜ்கள் கிடைக்கும் தளமான டாக்கர் ஹப் ஐபி முகவரியை வைத்துத்தான் வரம்பு கட்டுகிறது. லேப் முழுக்க ஒரே ஐபியில் வெளியே போனால் சீக்கிரமே கதவை மூடிவிடும். லேப் சர்வரில் இமேஜ்களின் நகலைச் சேர்த்து வைக்கும் ரெஜிஸ்ட்ரி மிரர் ஒன்றை வைத்தால் ஒரு முறை இறங்கிய இமேஜ் உள்ளேயே எல்லாருக்கும் கிடைக்கும். அதுவும் முடியாத இடத்தில் ‘டாக்கர் சேவ்’ போட்டு இமேஜைக் கோப்பாக்கி, பென் டிரைவில் கொண்டுபோய் ‘டாக்கர் லோடு’ போட்டால் நெட்டே வேண்டாம்.

எல்லாத் துறையும் ஒரே நேரத்தில் மாற வேண்டும் என்று கேட்கவில்லை. எல்லாக் குழுவுக்கும் உடனே விதியாக்க முடியாவிட்டால், இந்த ஆண்டு விருப்பமுள்ள குழுக்களுக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். பருவ விடுமுறையில் லேப் காலியாக இருக்கும்போது பயாஸ் வேலையை முடித்துவிடலாம். லேப் அசிஸ்டன்ட்களுக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்கிக் கொடுங்கள். பிஹெச்பி, நோட், மைஎஸ்க்யூஎல் இமேஜ்களோடு நானே வந்து கூட உட்கார்ந்து ஏற்றித் தருகிறேன். போக்குவரத்துச் செலவுகூட வேண்டாம், திறந்த லேபும் அட்மின் பாஸ்வேர்ட் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மென்பொருள்காரன்