மெல்பர்ன் வீட்டில் புது கேஸ் கணப்படுப்பு: கவனிக்க

வணக்கம் பெற்றோர்களே. ஜூன் 6 சனிக்கிழமை நாம் தங்கப்போகும் வீட்டில் கணப்படுப்பு புதிதாம், நாம்தான் முதலில் பற்றவைக்கிறோம். சிங்கப்பூரில் நமக்கு இது பழக்கமில்லை, அதனால்:

1. முதல் முறை ஜன்னல்களைத் திறந்து சில மணி நேரம் எரியவிடுவோம். பெயின்ட் வாடை வரும், பயம் வேண்டாம்.
2. கேஸ் வாடை என்றால் வேறு. சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியேறி 000க்கு (ஆஸ்திரேலிய அவசர எண்) அழையுங்கள்.
3. கணப்படுப்பு எரியும்போது சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் போடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே இழுக்கப்படலாம். அதற்கு வாடையே கிடையாது!
4. கண்ணாடி கொதிக்கும். பிள்ளைகளும் ஈரத்துணியும் ஒரு மீட்டர் தள்ளியே.
5. தூங்கும் முன் அணைக்கவும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் யார் கொண்டுவருகிறீர்கள்? புதன் இரவு 9 மணிக்குள் சொல்லுங்கள். மற்றவர்கள் 'படித்தேன்' என்று போட்டால் போதும்.