அடுப்புக்குத் தப்பிய இசை

ஆசிரியருக்கு வணக்கம். ராணுவ பேண்டு என்றாலே வெறும் இரைச்சல் என்று ஒதுக்கிவிடுகிறோம், ஆனால் ஜெர்மனியின் கார்ல் டைக்கே பற்றிப் படித்த பிறகு என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. 1864-ல் பிறந்த கொல்லர் மகன். உல்ம் நகரப் படைப்பிரிவில் வாசித்துக்கொண்டிருந்தபோது 1889 வாக்கில் 'பழைய தோழர்கள்' என்ற மார்ச் இசையை, அதாவது படை அணிவகுப்புக்கான இசையை எழுதினார். நம்மிடம் மார்ச்சுகள் போதுமான அளவு இருக்கின்றன, இதை அடுப்பில் போடு என்று பேண்டு தலைவர் சொல்லிவிட்டதாகச் சொல்வார்கள். மனம் வெறுத்துப் படையை விட்டு வெளியேறினார். இசையை வெறும் 20 மார்க்குக்கு (மார்க் அன்றைய ஜெர்மன் நாணயம்) பதிப்பாளரிடம் கொடுத்துவிட்டார். அப்புறம் போட்ஸ்டாமில் போலீஸ் வேலை, உடம்பு முடியாமல் போனதும் லாண்ட்ஸ்பெர்க்கில் அஞ்சல் வேலை, 1922-ல் மரணம். உலகமெங்கும் பேண்டுகள் இன்றும் அதை வாசிக்கின்றன. அந்த 20 மார்க்கை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.